பதினான்காம் வாரத்தில் பார்த்துவிடலாம்

பிறக்கும்போது மூச்சுத்திணறிய குழந்தைக்கு மூளைவாதம் வருமா என்பதை அறிய, அது நடக்கத் தவறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மூன்று மாதக் குழந்தை விழித்து, அழாமல் மல்லாந்து கிடக்கையில் கழுத்திலும் மணிக்கட்டிலும் கணுக்காலிலும் ஓயாமல் ஓடும் சிறு நெளிவுகளைச் சில நிமிடம் படமெடுத்து, பயிற்சி பெற்றவர் பார்த்தால் போதும். ஆய்வாளர் ஹைன்ஸ் பிரெஹ்ட்ல் குழுவினர் 130 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 1997இல் லான்செட் இதழில் எழுதினர்: நெளிவுகள் இயல்பாக இருந்தவர்களில் 96 விழுக்காட்டினரின் நரம்பு வளர்ச்சி இயல்பாகவே அமைந்தது, அவை இல்லாத அல்லது மாறுபட்ட குழந்தைகளில் 95 விழுக்காட்டினருக்குக் குறைபாடு தெரிந்தது.

பெற்றோரை வீணாக அச்சுறுத்துமே என்பார்கள். ஒரே காணொளியை வைத்து யாரும் தீர்ப்பெழுதச் சொல்லவில்லை. எம்ஆர்ஐ ஸ்கேனோடும் நரம்புப் பரிசோதனையோடும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஆனால் மூளை வேகமாக வளரும் மாதங்களில் குழந்தைக்கான இயக்கப் பயிற்சி தள்ளிப்போனால் இழப்பு குழந்தைக்குத்தான். நிறைமாதத்தில் பிறந்து மூச்சுத்திணறலிலிருந்து மீண்ட ஒவ்வொரு குழந்தைக்கும், தடுப்பூசிக்கு வரும் 14ஆம் வாரத்திலேயே அரசு மருத்துவமனைகள் இந்தக் காணொளிச் சோதனையைச் செய்ய வேண்டும்.