தமிழ் விலாசமும் பழைய சர்வர்களும்

தமிழில் எழுதிய மின்னஞ்சல் உலகின் எம்மூலைக்கும் செல்கிறது. 1992-ல் ஏற்பட்ட 'மைம்' விதிகள் அதற்கு வழி செய்தன. ஆனால் உறையின்மேல் விலாசத்தைத் தமிழில் எழுதினாலோ, பல பழைய சர்வர்கள் அக்கடிதத்தை ஏற்க மறுக்கின்றன. உள்ளே தமிழ் இருக்கலாம், மேலே இருக்கலாகாது என்னும் இவ்விசித்திர ஏற்பாட்டை ஜனங்கள் இன்னும் பொறுத்திருக்க வேண்டுமென்பதற்கு நியாயம் யாதும் நமக்குப் புலப்படவில்லை.

1982-ல் மின்னஞ்சல் போக்குவரத்துக்கு விதி வகுத்தோர், 'ஆஸ்கி' என்னும் 128 குறிகளை மட்டுமே கருத்தில் கொண்டனர். @ குறிக்குப் பின்வரும் தளப் பெயரை ரோமன் எழுத்துக் கோவையாக மாற்றியனுப்ப 2003-ல் வழி பிறந்தது. முன்வரும் ஆள் பெயருக்கு அவ்வழி உதவாது. அதற்குப் பொருள் கொள்ளும் அதிகாரம் கடிதத்தைப் பெறும் சர்வருக்கே உரியது. எனவே, பிற லிபி விலாசங்களை ஏற்பதாகச் சர்வர் முன்கூட்டியே அறிவிக்கவேண்டுமென்று 2012-ல் புது விதி செய்யப்பட்டது. அறிவிக்காத சர்வருக்கு வந்த கடிதம், சார்வு செய்யப்படாத சம்மனைப்போல் அனுப்பியவரிடமே திரும்புகிறது.

இதில் பலர் கவனியாத சங்கதி ஒன்றுண்டு. பெறுவோரின் விலாசம் ஆங்கிலத்திலேயே இருந்தாலும், அனுப்புவோரின் விலாசம் தமிழாயிருப்பின் தடை தடையே. தமிழ் விலாசம் கொண்ட ஒரு குடியானவர் பழைய சர்வர் வைத்துள்ள ஆபீசுக்கு மனுச் செய்தால், அது மேஜையை எட்டுவதேயில்லை. கூடவே ஓர் ஆங்கில விலாசமும் வைத்துக்கொள்ளட்டும் என்கிறார்கள் சிலர். ஆங்கிலம் அறியாதவருக்காக ஏற்பட்ட வசதிக்கு ஆங்கிலமே ஜாமீனா?

.இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்னும் தமிழ்த் தளமுடிவுகள் 2010, 2011-ஆம் ஆண்டுகளிலேயே கிடைத்துவிட்டன. ராஜஸ்தான் சர்க்கார் 2017-ல் தம் குடிகளுக்கு ஹிந்தி விலாசங்களை வழங்கினர். பெயர் வழங்குவது எளிது. அப்பெயரை ஏற்கும் வாசல்களைத் திறப்பதே காரியம். அதுவும் அசாத்தியமன்று. ஜிமெயில் 2014-லும், விலையின்றிக் கிடைக்கும் 'போஸ்ட்ஃபிக்ஸ்' என்னும் மென்பொருள் 2015-லும் இவ்விதியை ஏற்றுக்கொண்டன. குறை, பழைய பதிப்பை மாற்றாமல் ஓட்டிவரும் நிர்வாகிகளிடத்தில்தான்.

சர்க்கார் இலாகாக்களும் பாங்குகளும் சர்வகலாசாலைகளும் இனிச் செய்யும் ஒவ்வொரு சர்வர் ஒப்பந்தத்திலும், 2012-ஆம் ஆண்டு விதிக்கு இணங்கவேண்டுமென்ற நிபந்தனையைச் சேர்க்கவேண்டும். அந்த ஒரு வரியை எழுத எச்சட்டசபையின் அனுமதியும் தேவையில்லை.