புதனைப் பழித்துப் பிள்ளையைக் கைவிடாதீர்கள்

புதன் பலம் குன்றிய ஜாதகருக்குப் படிப்பு ஏறாதாம், பேச்சு குழறுமாம், கணக்கு வராதாம். புதன்கிழமை பச்சைப்பயறு தானம், சுண்டுவிரலில் மரகதம், திருவெண்காட்டில் அர்ச்சனை, தினமும் விஷ்ணு சஹஸ்ரநாமம் என்று செய்துவந்தால் எல்லாம் சீராகிவிடுமாம். புனேயில் ஜாதகம் பார்க்கும் நம்மவர் ஒருவர் இப்படி எழுதியிருக்கிறார். "இதனால் யாருக்கு என்ன நஷ்டம்?" என்றும் கேட்கிறார்.

நஷ்டம் குழந்தைக்கு. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில், கட்டத்தைப் பார்த்து ஒரு பிள்ளையின் அறிவுத்திறனைச் சொல்ல முடியுமா? முடியாதென்றால் இல்லாத நோய்க்கு எதற்குப் பரிகாரம்?

இதற்கு அவர் தொழில் நடத்தும் அதே ஊரில் 2008இலேயே விடை கிடைத்துவிட்டது. வானியலாளர் ஜயந்த் நார்லீகர், புனே பல்கலைக்கழகப் புள்ளியியல் துறையின் சுதாகர் குண்டே, மூடநம்பிக்கை ஒழிப்பு இயக்கத்தின் நரேந்திர தபோல்கர், ஜோதிடம் அறிந்து அதை விமர்சிக்கும் பிரகாஷ் காட்பாண்டே ஆகிய நால்வரும் ஒரு சோதனை நடத்தினார்கள். நன்றாகப் படிக்கும் 100 மாணவர்கள், மனவளர்ச்சி குன்றிய 100 குழந்தைகள், ஆக 200 ஜாதகங்கள். ஒவ்வொரு ஜோதிடருக்கும் அவற்றிலிருந்து 40. யார் கெட்டிக்காரர், யார் மனவளர்ச்சி குன்றியவர் என்று மட்டும் எழுத வேண்டும். புத்திகாரகன் என்று நீங்கள் கொண்டாடும் புதனுக்கு இதைவிட நேரான களம் இருக்க முடியாது.

விடை எழுதி அனுப்பியவர்கள் 27 பேர். தேர்ச்சிக்கு 40க்கு 28 சரியாக இருக்க வேண்டும். அதிகபட்சமாக ஒருவர் எட்டியது 24. எல்லோருடைய சராசரியும் பாதியைக்கூடத் தொடவில்லை. 200 ஜாதகங்களையும் வாங்கிப் பார்த்த ஒரு ஜோதிட நிறுவனம் 102க்குச் சரியாகச் சொன்னது. காசைச் சுண்டிப் பூவா தலையா பார்த்திருந்தாலும் ஏறக்குறைய அதுவேதான் வந்திருக்கும். முடிவுகள் 2009இல் 'கரன்ட் சயின்ஸ்' இதழில் வெளிவந்தன.

நாத்திகர்கள் நடத்திய சோதனை, அதனால் செல்லாது என்கிறார் நம்மவர். விடைகளை எழுதியவர்கள் நாத்திகர்கள் இல்லை, ஜோதிடர்கள். தபோல்கரின் கருத்து ஒரு ஜோதிடரின் விடைத்தாளுக்குள் எப்படிப் புகும்? அந்த மனிதரை 2013 ஆகஸ்ட் 20 அன்று காலை நடைப்பயிற்சியின்போது இதே புனேயில் சுட்டுக் கொன்றார்கள். அவரைப் பழிப்பதை விட்டுவிட்டு அவர் முன்வைத்த கணக்குக்குப் பதில் சொல்லுங்கள்.

ஆளை நேரில் பார்க்காமல் பலன் சொல்ல முடியாது என்பது அடுத்த சாக்கு. அப்படியானால் முகம் தெரியாத பெண்ணின் கட்டத்தை வைத்துக்கொண்டு பொருத்தம் இல்லை என்று சம்பந்தத்தைக் கலைக்கிறீர்களே, அது எந்த நியாயம்? பிள்ளையை நேரில் பார்த்தால் அவன் தடுமாறுவது யாருக்கும் தெரியும். அதற்குப் புதன் வேண்டாம்.

இனி அந்தப் புதனின் சங்கதி. வானத்தில் அது சூரியனை விட்டு 28 பாகைக்கு மேல் விலகவே விலகாது. நீங்களோ 14 பாகைக்குள் வந்தாலே அஸ்தங்கம் என்கிறீர்கள். மீனத்தில் இருந்தால் நீசம். சூரியனை ஒட்டியே சுற்றுவதால் பங்குனியை ஒட்டிப் பிறக்கும் பிள்ளைகளில் பலருக்கு அது மீனத்தில்தான் இருக்கும். குறை சொல்ல ஆள் கிடைக்காமல் போகாத ஏற்பாடு இது. 1879 மார்ச் 14இல் பிறந்த ஐன்ஸ்டைனுக்கும் நிராயனக் கணக்குப்படி புதன் மீனத்தில் நீசம்தான். கேட்டால் உடனே, கூடவே சுக்கிரன் உச்சம், ஆகவே நீசபங்க ராஜயோகம் என்பீர்கள். பிள்ளை தோற்றால் நீசம், ஜெயித்தால் நீசபங்கம். எது நடந்தாலும் பொய்க்க முடியாத சொல்லை ஒரு தாயிடம் காசுக்கு விற்பது அநியாயம்.

இப்போது நஷ்டத்துக்கு வருகிறேன். இரண்டரை வயதாகியும் பேச்சு வராத குழந்தைக்குக் காது கேட்காமல் இருக்கலாம். உடனே கண்டுபிடித்துக் காதுக்கருவி பொருத்தினால் பேச்சுக்கு வழி திறக்கும். மொழி பதியும் அந்த வயது கடந்துவிட்டால் எந்த மோதிரமும் அதைத் திருப்பித் தராது. பிறவியிலேயே தைராய்டு சுரப்பு குறைந்த குழந்தையின் கதை இன்னும் கொடுமை. பிறந்த சில நாளில் குதிகாலில் எடுக்கும் சில சொட்டு ரத்தத்தில் அது தெரிந்துவிடும். முதல் இரண்டு வாரங்களுக்குள் தைராக்ஸின் மாத்திரையைத் தொடங்கிவிட்டால் பிள்ளையின் மூளை வளர்ச்சியைக் காப்பாற்றலாம். விட்டுவிட்டால் அறிவு வளர்ச்சி நிரந்தரமாகக் குன்றிப்போகும். எழுத்துகளை மாற்றி மாற்றி எழுதும் பிள்ளைக்கு டிஸ்லெக்ஸியா இருக்கலாம். அது 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலேயே இடம்பெற்றிருக்கிறது. முறையாகப் பரிசோதித்துச் சான்றிதழ் வாங்கினால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் கிடைக்கும். இத்தனை வழிகள் இருக்கும்போது, நாற்பத்தெட்டு நாள் விளக்குப் போடு, அப்புறம் பார்க்கலாம் என்று அனுப்புகிறீர்கள். பலிக்கவில்லையென்றால் சிரத்தை போதவில்லை என்று பழியைத் தாய் தலையில் கட்டுகிறீர்கள்.

திருவெண்காட்டுக்குப் போகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. பச்சைப்பயறைத் தானம் செய்யட்டும், சுண்டலாக்கிப் பிள்ளைக்கும் கொடுக்கட்டும். என் சண்டை, வைத்தியத்துக்கு முன்னால் வழிமறித்து உட்கார்ந்திருக்கும் உங்களோடு. பேச்சு வராத பிள்ளையின் ஜாதகத்தோடு ஒரு தாய் உங்கள் எதிரே வந்து உட்கார்ந்தால் கட்டத்தை விரிக்காதீர்கள். காது பரிசோதனை ஆயிற்றா என்று கேளுங்கள். ஆகவில்லை என்றால், தட்சிணை வாங்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவையுங்கள்.