செயலி தவறும் நாளை நினைத்துத் தேர்ந்தெடுங்கள்

2025 அக்டோபரில் மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ், மேப்பில்ஸ் என்ற இந்திய வரைபடச் செயலியைப் பாராட்டி, எல்லோரும் இதைப் பயன்படுத்திப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டார். அதன்பின் கூகுள் மேப்பை விட்டுவிடலாமா, ஐஃபோன் வைத்திருப்பவருக்கு ஆப்பிள் மேப்ஸ் போதாதா, வேஸ் யாருக்கு என்று ஆளுக்கொரு கட்சி கட்டிப் பேசுகிறார்கள். ஒப்பிடுகிறவர்கள் கையில் எடுக்கும் அளவுகோல் பெரும்பாலும் ஒன்றுதான்: எது சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது? அந்த அளவுகோல் போதாது என்பது என் கருத்து. சாலை திறந்திருந்து, டவர் கிடைத்து, மழையும் இல்லாத நாளில் எல்லாச் செயலியும் ஏறக்குறைய ஒரே வழியைத்தான் காட்டும். ஐந்து நிமிடம் முன்பின் ஆவதால் யார் குடியும் மூழ்கிவிடாது. செயலிகளுக்குள் உள்ள வேறுபாடு, அவை தவறும் நாளில்தான் நம் தலையில் விடியும். ஆகவே அன்றாடப் பயணத்துக்குச் செயலி தேடுபவர், இது தவறினால் எனக்கு என்ன ஆகும் என்பதை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தவறு என்றால் என்னவெல்லாம் நடக்கும் என்பதற்குச் சான்றுகள் இருக்கின்றன. 2012 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனம் தன் ஃபோன்களில் கூகுளின் வரைபடத்தை எடுத்துவிட்டுச் சொந்த வரைபடத்தை வைத்தது. பத்து நாளுக்குள் அதன் தலைவர் டிம் குக் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு, நாங்கள் சரிசெய்யும்வரை போட்டியாளர்களின் செயலிகளைப் பயன்படுத்துங்கள் என்று சொல்ல வேண்டியதாயிற்று. அதே ஆண்டு டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலக் காவல் துறை ஓர் எச்சரிக்கை விடுத்தது. மில்டியூரா நகருக்குப் போகிறவர்களை அந்தச் செயலி சுமார் 70 கிலோமீட்டர் தள்ளி, தண்ணீர் கிடைக்காத ஒரு தேசியப் பூங்காவின் நடுவே கொண்டுபோய் விட்டது. சிலர் 24 மணி நேரம் வரை சோறும் தண்ணீரும் இல்லாமல் அங்கே சிக்கிக்கொண்டார்கள். நம் நாட்டில் நடந்தது இதைவிடக் கொடுமை. 2024 நவம்பர் 24 அன்று உத்தரப் பிரதேசத்தின் பரேலி அருகே, வெள்ளத்தில் ஒரு பகுதி இடிந்துபோயிருந்த பாலத்திலிருந்து கார் ராமகங்கை ஆற்றில் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். கூகுள் மேப் காட்டிய வழியில் அவர்கள் போனதாகக் காவல் துறை சொன்னது. பொதுப்பணித் துறைப் பொறியாளர்கள் மீதும் கூகுள் மேப்ஸ் அதிகாரி ஒருவர் மீதும் வழக்குப் பதிவானது. முதல் தவறு புதிய செயலியுடையது. இரண்டாவது தவறு, நாட்டில் மிக அதிகமானோர் நம்பும் செயலியின் பேரில் வந்தது. பிரபலமானது என்பதே பாதுகாப்பாகிவிடாது.

பலர் பயன்படுத்தும் செயலிதானே நெரிசலைச் சரியாகச் சொல்லும், வேறு எதற்கு என்று கேட்பார்கள். கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது. சாலையில் நகரும் ஃபோன்களின் வேகத்தைக் கொண்டுதான் கூகுள் நெரிசலைக் கணிக்கிறது. ஃபோன்கள் கூடக்கூடக் கணிப்பு கூர்மையாகும். அண்ணா சாலையிலும் காந்திபுரத்திலும் மாலை ஆறு மணிக்கு எந்தத் தெரு அடைத்திருக்கிறது என்று சொல்வதில் அதற்கு ஈடாக மற்றொன்று வருவது கடினம். ஆனால் அது பார்ப்பது ஃபோன்களை, சாலையை அன்று. 2020-ல் சைமன் வெக்கர்ட் என்ற ஜெர்மானியக் கலைஞர் 99 ஃபோன்களைக் கைவண்டியில் போட்டு பெர்லின் தெருவொன்றில் மெல்ல இழுத்துப் போனார். காலியாகக் கிடந்த தெரு வரைபடத்தில் சிவப்பாக மாறியது. இதன் மறுபக்கம்தான் ஆபத்தானது. ஃபோன்கள் அரிதாகவே வரும் சாலையில், அது உடைந்து கிடக்கிறதா என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. சென்னையில் மழை வெளுத்து வாங்கும்போது துரைசாமி சுரங்கப்பாதையையும் கணேசபுரம் சுரங்கப்பாதையையும் போலீசார் அடைக்கிறார்கள். அந்தச் செய்தி செயலிக்குப் போய்ச் சேருவதற்குள் வண்டி சரிவில் இறங்கியிருக்கலாம். அந்த நேரத்தில் போக்குவரத்துப் போலீசின் அறிவிப்புக்குத்தான் முதல் மரியாதை. வேஸ் செயலியில் ஓட்டுநர்களே தடைகளைப் பதிவிடுவார்கள்; நல்ல ஏற்பாடுதான், ஆனால் பதிவிட ஆள் இருக்கும் ஊரில்தான் அதற்கு உயிர். 2013-லேயே அதைக் கூகுள் வாங்கிவிட்டதால், கூகுளுக்கு மாற்றாக வேஸ் என்று நினைப்பவர்கள் ஒரே வீட்டின் இரண்டு வாசல்களில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இன்னொரு வகைத் தவறு, வரைபடம் சரியாக இருந்தும் வருவது. ஊட்டியிலிருந்து மசினகுடிக்குக் கல்லட்டி மலைப்பாதை வழியாகப் போனால், கூடலூர் சுற்றிப் போவதைவிடத் தூரம் பாதிக்கும் குறைவு. காகிதத்தில் அதுதான் சிறந்த வழி. ஆனால் 36 கொண்டை ஊசி வளைவுகளோடு செங்குத்தாக இறங்கும் அந்தப் பாதையில் விபத்துகள் அடுக்கடுக்காக நடந்ததால்தான் வெளியூர் வாகனங்கள் இறங்குவதற்குக் கட்டுப்பாடு வந்தது. பிரேக் சூடேறி விட்டுவிடும் என்பது மலைக்காரர்களுக்குத் தெரியும். தூரத்தையும் நேரத்தையும் கணக்குப் போடும் நிரலுக்கு அதைத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். செயலிகள் இதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொள்கின்றன என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2017 டிசம்பரில் கூகுள் இருசக்கர வாகனத்துக்கென்று தனி வழிகாட்டலைக் கொண்டுவந்தது. 2024-ல் சென்னை, கோவை உள்ளிட்ட எட்டு நகரங்களில் காரைக் குறுகிய தெருக்களுக்குள் விடாமல் தவிர்க்கும் வசதியைச் சேர்த்தது. ஆனால் ஸ்கூட்டரில் போகிறவர் கார் குறியை அழுத்தி வைத்திருந்தால் இருசக்கர வாகன வழிகாட்டல் அவருக்குக் கிடைக்காது. எந்தச் செயலி என்பதற்கு முன்பே, எந்த வண்டி என்பதைச் செயலிக்குச் சரியாகச் சொல்கிறோமா என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

மேம்பாலங்களில் வரும் குழப்பம் நகரவாசிகள் அனைவருக்கும் தெரிந்தது. திறந்த வானத்தின் கீழேயே ஃபோனின் ஜி.பி.எஸ். கணிப்பு ஐந்து மீட்டர் அளவுக்குப் பிசகும். கத்திப்பாரா போன்ற இடத்தில் மேலே போகிறோமா, கீழே போகிறோமா என்று அதற்குத் திடமாகத் தெரியாது. ஒரு கிளை மாறிவிட்டால் அடுத்த யு டர்ன்வரை ஓட வேண்டும். தேசிய நெடுஞ்சாலையில் அணுகுசாலையைத் தவறவிட்டவர்கள் பொறுமை இழந்து எதிர்த்திசையில் வரும்போது அது உயிர்ப் பிரச்சினையாகிறது. மேப்பில்ஸ், சந்திப்பை முப்பரிமாணப் படமாக முன்கூட்டியே காட்டுகிறது. அமைச்சர் பாராட்டியதும் இதைத்தான். கூகுளும் 2024-ல் மேம்பாலத்தில் ஏறச் சொல்லும் அறிவிப்பைக் கொண்டுவந்தது. பழக்கமில்லாத பெரிய சந்திப்புகளைக் கடப்பவருக்கு மேப்பில்ஸின் படம் கண்ணுக்குத் தெளிவு தருகிறது என்பேன்.

டவர் இல்லாத இடம் என்றால் கதையே வேறு. கொல்லிமலையின் 70 வளைவுகளில் ஏறும்போதோ வால்பாறைக் காடுகளுக்குள்ளோ இணையம் அறுந்துவிட்டால், ஃபோன் திரையில் நீலப்புள்ளி மட்டும் வெற்றுச் சாம்பல் நிறத்தில் மிதக்கும். செயற்கைக்கோள் உங்கள் இடத்தைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. வரைபடம்தான் வந்துசேரவில்லை. கூகுளில் ஒரு பகுதியை முன்கூட்டியே இறக்கிவைக்கலாம். ஆனால் இணையம் இல்லாதபோது அது காருக்கு வழி சொல்லுமே தவிர, நடைக்கும் பேருந்துக்கும் சொல்லாது. ஆர்கானிக் மேப்ஸ் முழுக்க முழுக்க இணையமில்லாமலே இயங்குவது. 2004-ல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கி, உலகெங்கும் தன்னார்வலர்கள் வரைந்துவரும் ஓபன் ஸ்ட்ரீட் மேப்தான் அதற்கு அடித்தளம். விளம்பரம் கிடையாது, நம்மைப் பின்தொடர்வதும் கிடையாது. நடைபாதையும் மலைத்தடமும் அதில் நன்றாக இருக்கும். கடைப்பெயரும் கதவு எண்ணும் தேடினால் ஏமாற்றும். அன்றாட வேலைக்கு அது முதல் செயலி ஆகாது. ஆபத்துக்கு உதவும் இரண்டாவது செயலியாக அதற்கு மிஞ்சியது இல்லை.

இந்த விவாதம் முழுவதும் கார் வைத்திருப்பவரைச் சுற்றியே நடப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. தாம்பரத்திலிருந்து வேலைக்குப் போகும் பெண்ணுக்கும், கல்லூரிக்கு நகரப் பேருந்தில் தொங்கிக்கொண்டு போகும் மாணவனுக்கும் நெரிசலின் சிவப்புக் கோடு எதற்கு? அடுத்த பேருந்து எங்கே வருகிறது என்பதுதான் அவர்களுக்கு வேண்டிய வழிகாட்டல். அவர்களுடைய கணக்கில் செயலி தவறினால் இழப்பது அரை நாள் சம்பளம், அல்லது ஒரு தேர்வு. சென்னையில் மாநகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றையும் ஒரே சீட்டில் இணைக்கும் ‘சென்னை ஒன்று’ செயலி 2025 செப்டம்பரில் வந்தது. வெளியூர் ரயிலுக்கு ‘வேர் இஸ் மை டிரெயின்’ இருக்கிறது. அதையும் கூகுள் 2018-ல் வாங்கிவிட்டது. ஆனால் இணையமோ ஜி.பி.எஸ்ஸோ இல்லாமல், செல்போன் கோபுரங்களைக் கொண்டே ரயில் எங்கே வருகிறது என்று சொல்லும் அதன் எளிய யுக்தி இன்றும் ஏழைகளின் ஃபோனில் வேலை செய்கிறது. பேருந்திலும் ரயிலிலும் போகிறவர் தேட வேண்டியது இவற்றைத்தான். மதுரையிலும் திருச்சியிலும் சேலத்திலும் இப்படியொரு செயலி வேண்டும் என்று கேட்கும் குரல், கூகுளா மேப்பில்ஸா என்ற சண்டையைவிட உரக்க ஒலிக்க வேண்டும்.

சுதேசி என்பதற்காகவே மேப்பில்ஸுக்கு மாறலாமே என்ற வாதத்தை நான் எளிதாகத் தள்ளிவிடவில்லை. அதன் நிறுவனமான மேப்மைஇந்தியா 1995-லிருந்து நம் சாலைகளை வரைந்துவருகிறது. கூகுள் மேப் பிறந்ததே 2005-ல்தான். ஆண்ட்ராய்டு ஃபோன்களில் கூகுளின் செயலிகள் முன்கூட்டியே திணிக்கப்படுவது உள்ளிட்ட காரணங்களுக்காக இந்தியப் போட்டி ஆணையம் 2022-ல் அந்த நிறுவனத்துக்கு ரூ.1,337.76 கோடி அபராதம் விதித்தது. கையில் வந்து விழுந்ததைப் பயன்படுத்துவதைத் தேர்வு என்று சொல்ல முடியாது. போட்டியின் பலனையும் பார்த்துவிட்டோம்: 2024 ஜூலையில் ஓலா சொந்த வரைபடத்துக்கு மாறிய சில நாட்களில், இந்திய நிறுவனங்களுக்கான தன் வரைபடக் கட்டணத்தை 70 சதவீதம் வரை குறைப்பதாகக் கூகுள் அறிவித்தது. மாற்றுச் செயலிகள் உயிரோடிருப்பது நம் எல்லோருக்கும் லாபம். ஆனால் எங்கே பிறந்தது என்பதை மட்டும் பார்த்து ஆளை ஏற்றி அனுப்ப முடியாது. இடிந்த பாலத்தைப் பற்றி அரசுத் துறை தகவல் தராவிட்டால் இந்திய வரைபடமும் அதே பாலத்தில்தான் ஏற்றிவிடும்.

ஓட்டுநர் கண்ணைத் திறந்து ஓட்டினால் எந்தச் செயலியும் ஒன்றும் செய்யாது என்பது கடைசியாக வரும் மறுப்பு. இரவில், தெரியாத ஊரில், எச்சரிக்கைப் பலகையும் தடுப்பும் இல்லாத இடத்தில் கண் எவ்வளவுதான் பார்க்கும்? 2020 அக்டோபரில் திருத்தப்பட்ட மோட்டார் வாகன விதிகள், வண்டி ஓட்டும்போது கையடக்கக் கருவியை வழி பார்ப்பதற்கு மட்டும், கவனம் சிதறாத வகையில் அனுமதிக்கின்றன. வழிகாட்டிச் செயலியைச் சட்டமே பயணத்தின் ஒரு கருவியாக ஏற்றுக்கொண்ட பிறகு, தவறின் முழுப் பாரத்தையும் ஓட்டுநர் தலையில் போடுவது நியாயமில்லை. இரண்டு செயலி வைத்துக்கொள்வது பாமரருக்குச் சுமை என்றும் சொல்வார்கள். உண்மைதான், மலிவு ஃபோனில் இடம் குறைவு. ஆனால் மாவட்டம் தாண்டாதவருக்கு இரண்டாவது தேவையில்லை. மலைக்கும் வெளியூருக்கும் போகிறவர் ஒரு சில காணொளிகளை அழித்தாலே அதற்கு இடம் கிடைத்துவிடும்.

ஆகவே என் தீர்ப்பு இது. நகர நெரிசலுக்குக் கூகுளே இருக்கட்டும். பழகாத நெடுஞ்சாலைச் சந்திப்புகளுக்கு மேப்பில்ஸையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மலை ஏறுகிறவர் ஆர்கானிக் மேப்ஸில் அந்தப் பகுதியின் வரைபடத்தை வீட்டிலேயே இறக்கிக்கொண்டு கிளம்பட்டும். கிளம்பிய பின் அடிவாரத்து டீக்கடையில் பாதை எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கட்டும். எந்தச் செயலியானாலும் ஒரு வேலை நம்முடையது. உங்கள் தெருவில் அடைபட்ட வழியோ, உடைந்த தரைப்பாலமோ, தவறாகக் காட்டப்பட்ட ஒருவழிப் பாதையோ இருந்தால், இன்று இரவு உட்கார்ந்து அதைச் செயலியில் புகாராகப் பதிவிடுங்கள். கூகுளும் மேப்பில்ஸும் அதற்கு வழி வைத்திருக்கின்றன. ஓபன் ஸ்ட்ரீட் மேப்பில் நீங்களே திருத்தலாம். அந்தத் தெருவைப் பற்றி உங்களைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த நிறுவனங்களில் யாரும் இல்லை.