எல்லாத்தையும் எலி எண்டு சொல்லாதேங்கோ

எலி எண்டவுடன எங்களுக்கு ஞாபகம் வாறது மூன்று விடயம்தான்: எலிப்பொறி, எலிப்பாசாணம், எலிக்காய்ச்சல். அதில பிழையில்லை. அரிசி மூட்டையைக் கடித்து ஓட்டை போடுகிற ஒன்றில் அன்பு வையுங்கோ எண்டு நான் ஆரையும் கேட்கப்போவதில்லை. ஆனால் உலகிலுள்ள பாலூட்டி இனங்களில் ஏறத்தாழ 40 வீதமானவை கொறித்துண்ணிகள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அந்த இனங்களில் மனிதருடைய வீட்டுக்குள் வந்து குடியிருப்பவை ஒரு சிலதான். அந்தச் சிலதின் பெயரையும், அதோட சேர்த்து அவற்றின் கெட்ட பெயரையும் மிச்ச எல்லாத்துக்கும் ஒட்டிவிட்டிருக்கிறோம்.

இதில் என்ன நட்டம் எண்டு கேட்டால், தென்னமெரிக்காவில் இருக்கிற ஒரு சின்னக் குடும்பத்தைக் காட்டுவன். சிலி, ஆர்ஜென்டீனா, பொலிவியா பக்கம் வாழும் ஒக்டோடொன்டிடே குடும்பம் அது. மொத்தமே 15க்குக் குறைவான இனங்கள். கடைவாய்ப் பல்லின் மேற்பரப்பு 8 என்ற இலக்கம் மாதிரி இருப்பதால் வந்த பெயர். தமிழில் எட்டுப்பல்லர் எண்டு கூப்பிடலாம். எங்கட வீட்டு எலியை விட கினிப்பன்றிக்குத்தான் இவை நெருங்கிய சொந்தம். இவற்றின் மூதாதையர் ஏறத்தாழ 4 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், அத்திலாந்திக் சமுத்திரம் இப்போதையை விட ஒடுக்கமாக இருந்த காலத்தில், மிதந்து வந்த மரம் செடிகளில் தொற்றிக்கொண்டு ஆபிரிக்காவிலிருந்து வந்து சேர்ந்திருக்கலாம் என்பதுதான் பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து.

இந்தக் குடும்பத்தில் கொஞ்சமாவது பிரபலமானது டெகு. மத்திய சிலியின் புதர்க்காடுகளில் பகல் நேரத்தில் நடமாடும். பெண் டெகுக்கள் ஒரே வளையில் சேர்ந்து குட்டிகளை வளர்க்கும். ஒன்றின் குட்டிக்கு இன்னொன்று பால் கொடுக்கும். எங்களால் பார்க்க முடியாத புற ஊதா ஒளி அதன் கண்ணுக்குத் தெரியும். வழியில் விட்டுப்போகிற புதுச் சிறுநீரும் அந்த ஒளியைத் தெறிக்கும் எண்டதால, மற்ற டெகுக்களுக்கு அது ஒரு அறிவித்தல் பலகை மாதிரி. எதிரி வாலைப் பிடித்தால் வால் தோல் கழன்று அவன் கையில் போய்விடும், டெகு தப்பிவிடும். பல்லிக்கு முளைக்கிற மாதிரி அந்த வால் திரும்ப முளைக்காது.

இதை விட எனக்குப் பிடித்தது ஆர்ஜென்டீனாவின் உப்பு வெளிகளில் வாழும் செவ்விஸ்காச்சா எலி. அதன் சாப்பாடு உப்புச்செடியின் இலை. இலையின் வெளித்தோல் முழுக்க உப்பு, அப்படியே தின்ன ஏலாது. இந்த விலங்கின் வாய்க்குள், முன் பற்களுக்குப் பின்னால், விறைப்பான மயிர்க் கற்றைகள் இருக்கின்றன. பல்லோடு சேர்த்து அவற்றாலும் இலையைச் சுரண்டி, உப்புத் தோலைத் துப்பிவிட்டு உள்ளே இருக்கிறதைத் தின்னும். வட அமெரிக்காவில் இதே வகைச் செடியைத் தின்னும் கங்காரு எலி ஒன்றும் தோலைச் சீவித்தான் தின்னும். ஆனால் அதற்கு இந்த மயிர் கிடையாது, உளி போலத் தட்டையான பல்தான் ஆயுதம். இரண்டும் தூரத்துச் சொந்தம்கூட ஒழுங்காக இல்லை. ஒரே பிரச்சினைக்குத் தனித்தனியே விடை கண்டிருக்கின்றன.

சரி, உலகம் இவற்றை எப்படிக் கவனித்தது? இங்கதான் எனக்கு மனக்கசப்பு. செவ்விஸ்காச்சா எலி பேசப்பட்டது அதன் 102 நிறமூர்த்தங்களுக்காக. பாலூட்டிகளில் அறியப்பட்ட மிகக் கூடிய எண்ணிக்கை அது. மரபணுத் தொகுதி முழுதும் இரட்டித்துவிட்டது எண்டு 1999இல் ஒரு கட்டுரை வந்தது, பிந்திய ஆய்வுகள் அதை மறுத்தன. டெகு பேசப்பட்டது ஆய்வுகூடத்துக்கு உதவும் எண்டதால. சீனிச் சாப்பாடு கொடுத்தால் அதற்கு இலேசாகச் சீனி வருத்தம் வரும், கண்ணில் புரை விழும். ஆய்வாளருக்கு அது வசதி. அதே டெகுவைச் செல்லப்பிராணியாக வாங்கி, அன்பு மிகுதியில் பழம் ஊட்டிக் கண்ணைக் கெடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஒன்றில் கருவி, இல்லாட்டி பொம்மை. அது அதுவாக இருப்பதற்கு எங்களிடம் இடமில்லை.

எந்தப் பயனும் இல்லாததுக்கு என்ன நடக்கும் எண்டு பார்க்க மோச்சா தீவுக்குப் போங்கோ. சிலிக் கரையிலிருந்து 30 கிலோமீற்றருக்கும் அப்பால், 50 சதுர கிலோமீற்றர்கூட இல்லாத தீவு அது. அந்தக் கடலில் திரிந்த மோச்சா டிக் என்ற வெள்ளைத் திமிங்கிலத்தின் கதைதான் 1851இல் வந்த மோபி டிக் நாவலுக்கு ஒரு தூண்டுதல். திமிங்கிலத்தை உலகமே அறியும். அதே தீவில் மட்டும் வாழும் ஒரு டெகு இனம் இருக்கிறது. அது தனி இனம் எண்டு விவரிக்கப்பட்டதே 1994இல்தான். இன்றைக்குச் சர்வதேச சிவப்புப் பட்டியலில் மிக ஆபத்தான நிலையில் இருக்கிறது. தீவின் காடு குறைந்தால் அது ஒதுங்கிப் போக வேறு நிலம் இல்லை.

“எலிக்கு ஏன் காசு செலவழிக்க வேணும், முதலில் பெரிய விலங்குகளைக் காப்பாற்றுவம்” எண்டு சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். காசு மட்டு என்பது உண்மைதான். டெகு சில இடங்களில் பழத்தோட்டங்களைக் கெடுக்கிறது என்பதையும் ஒளிக்கத் தேவையில்லை. ஆனால் பெரியது தனியே நிற்காது. சிலியின் ஃபிரே ஹோர்ஹே தேசியப் பூங்காவில் 1989இலிருந்து ஒரு ஆய்வு நடக்கிறது. சில நிலத் துண்டுகளில் நரியையும் ஆந்தையையும் தடுத்து, சிலவற்றில் டெகுவைத் தடுத்து, என்ன மாறுகிறது எண்டு பார்க்கிறார்கள். நல்ல மழை வருடங்களில் புல் பெருக, டெகு பெருகும். அதைத் தின்னும் ஆந்தையும் நரியும் பிறகு பெருகும். படத்தில் அழகாகத் தெரிகிற ஆந்தையின் வயிற்றுக்குள் இருப்பது நாங்கள் முகம் சுளிக்கிற எலிதான்.

எல்லாரும் எலி நேசர்களாக மாற வேணும் எண்டில்லை. பொறி வைக்கிறவை வைக்கட்டும். ஆனால் சூழலியல் பற்றி எழுதுகிற, கதைக்கிற, காணொளி செய்கிற எங்கட தலைமுறை, அடுத்த முறை யானை, புலி, திமிங்கிலத்தோடு நிற்காமல், பெயர் வைக்காத ஒரு சின்ன விலங்கைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதலாம். தமிழில் பெயர் இல்லையெண்டால் வைப்பம். பெயரே இல்லாத ஒன்று அழிந்தால், அழிந்தது என்ன எண்டு சொல்லக்கூட எங்களிடம் சொல் இருக்காது.