சுவைப்போரும் பறிப்போரும்

வீட்டிலேயே வைன் சுவைக்கும் விருந்தை நடத்துவது எப்படி எனக் கற்பிக்கும் கைந்நூல்களுக்கு இன்று பஞ்சமில்லை. மேலைநாட்டு நகரங்களின் நடுத்தர வர்க்க இல்லங்களை மனத்திற்கொண்டு எழுதப்படும் அவை யாவும் ஏறத்தாழ ஒரே முறையையே விதிக்கின்றன. விருந்தினர் எண்மர், போத்தல்கள் ஆறு. போத்தல்களைக் காகிதப் பைகளில் இட்டு இலக்கமிடல் வேண்டும்; பெயர்ச்சீட்டை எவரும் காணலாகாது. வெள்ளை வைன் முன்னும் சிவப்பு வைன் பின்னும் வரவேண்டும். ஒவ்வொருவர்க்கும் இரண்டு மூன்று மிடறுக்குமேல் வார்க்கலாகாது. கிண்ணத்தை வெள்ளை விரிப்பின்மீது சாய்த்து நிறம் பார்த்தல், சுழற்றி மணம் முகர்தல், வாயில் உருட்டிச் சுவைத்தல், படிக்கத்தில் உமிழ்தல், நீரும் ரொட்டித் துண்டும் உட்கொண்டு நாவைத் துலக்குதல், ஈற்றில் அட்டையில் புள்ளியிடுதல் என்பன இச்சடங்கின் படிகள். விருந்தினர் வாசனைத் தைலம் பூசி வரலாகாது என்ற விதியும் உண்டு.

முதலிலேயே ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறோம். நாம் மதுவிலக்குப் பிரசங்கம் செய்ய வரவில்லை. நண்பர்கள் கூடி உண்டு பருகி மகிழ்வதை வெறுப்போர் மக்களை நேசிப்பவராக இருத்தல் அரிது. திராட்சையிலிருந்து மதுவை ஆக்கியது பல்லாயிரம் ஆண்டு மனித உழைப்பின் பேறு. நாவின் நுண்ணுணர்வும் பண்பாட்டின் ஒரு கூறே. நமது வழக்கு வேறு. இவ்விருந்து மனிதனை எதனைக் காணப் பயிற்றுகிறது, எதனைக் காணாதிருக்கப் பயிற்றுகிறது என்பதே நாம் எழுப்பும் வினா.

வைனின் தராதரம் சுவையினால் மட்டுமே நிர்ணயிக்கப்படுவது என்பது விருந்தினரின் நம்பிக்கை. வரலாறு அவ்வாறு கூறவில்லை. 1855ஆம் ஆண்டு மூன்றாம் நெப்போலியன் பாரிஸில் நடத்திய உலகப் பொருட்காட்சிக்காகப் போர்தோ வட்டார வைன்கள் தரப்படுத்தப்பட்டன. தரப்படுத்தியவர்கள் வியாபாரத் தரகர்கள். சந்தையில் ஒவ்வொன்றும் பெற்றிருந்த பேரையும் விலையையும் கொண்டே சிவப்பு வைன்களை அவர்கள் ஐந்து வகுப்புகளாக வகுத்தனர். 1973இல் ஒரு தோட்டம் இரண்டாம் வகுப்பிலிருந்து முதலாம் வகுப்புக்கு உயர்த்தப்பட்டமை தவிர, அப்பட்டியல் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவுமின்றி இன்றும் நிற்கிறது. சுவையின் ஏணி எனப் போற்றப்படுவது பிறப்பிலேயே விலையின் ஏணியாக இருந்தது.

இன்றைய ஆராய்ச்சிகளும் இதனையே வலியுறுத்துகின்றன. 2001ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வில், போர்தோவில் வைனியல் பயிலும் 54 மாணவர்க்கு வெள்ளை வைன் ஒன்று மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து வழங்கப்பட்டது. சிவப்பு வைனுக்கு உரிய சொற்களாலேயே அவர்கள் அதன் மணத்தை வருணித்தனர். 2008இல் வெளியான மற்றோர் ஆய்வில், ஒரே வைன் ஒருமுறை 10 டொலர் எனவும் மற்றொருமுறை 90 டொலர் எனவும் கூறி அளிக்கப்பட்டது. 90 டொலர் என்றபோது அது இனித்தது. சுவைத்தோரின் மூளையில் இன்ப உணர்வோடு தொடர்புடைய பகுதியும் கூடுதலாகச் செயற்பட்டது. அதே ஆண்டில் வெளியான வேறோர் ஆய்வு, கலிபோணிய மாநிலக் கண்காட்சி நடுவர்களைச் சோதித்தது. ஒரே போத்தலிலிருந்து வார்க்கப்பட்ட கிண்ணங்களுக்கு ஏறத்தாழ ஒரே தரத்தை வழங்க வல்லவராய் இருந்தவர் பத்தில் ஒருவரே.

இவற்றைக் கொண்டு நாவின் திறமை முழுவதும் பொய் என்று முடிவுகட்டுதல் அவசரமாகும். 1976 மே 24ஆம் திகதி பாரிஸில் பெயரை மறைத்து நடத்தப்பட்ட சுவைப்பில், ஒன்பது பிரெஞ்சு நடுவர்கள் தம் நாட்டுப் புகழ்பெற்ற வைன்களை விடுத்துக் கலிபோணிய வைன்களுக்கே வெள்ளையிலும் சிவப்பிலும் முதலிடம் அளித்தனர். பெயர்ச்சீட்டை மறைத்தவுடன் நூற்றாண்டுக் குலப்பெருமை ஒரு பிற்பகலில் சரிந்தது. ஆகவே, இவ்விருந்தின் சாதனங்களுள் மிக நேர்மையானது வெள்ளிக் கரண்டியுமன்று, பளிங்குக் கிண்ணமுமன்று. விலையற்ற அந்தக் காகிதப் பையே. பெயருக்கும் பணத்திற்கும் தலைவணங்காதே என்று அது கற்பிக்கிறது.

ஆனால் பை அகற்றப்பட்டதும் பாடம் மறக்கப்பட்டுவிடுகிறது. பெயர்ச்சீட்டு வெளிப்படுகிறது, விலை வெளிப்படுகிறது, விருந்தளித்தவர் மண்ணைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார். தெர்வார் என்பது பிரெஞ்சுக்காரர் இதற்கு வழங்கும் சொல். சுண்ணக்கல் நிலம், மலைச்சரிவு, காலை மூடுபனி, மாலை வெயில் ஆகிய அனைத்தும் கிண்ணத்திலே தெரிகின்றனவாம். 1984இல் கலிபோணியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் வைனின் மணங்களுக்கெனச் சொற்சக்கரம் ஒன்றே அமைத்தனர். மிளகு, புகை, ரோசா, வைக்கோல் என ஒவ்வொரு மணத்துக்கும் அதிலே இடமுண்டு. வெயிலைச் சுவைக்கத் தெரிந்த இந்நாவுக்கு, அவ்வெயிலில் நின்றவனைச் சுவைக்கத் தெரியவில்லை. கல்லுக்குப் பெயருண்டு, சரிவுக்குப் பெயருண்டு, பறித்த கைக்கு மட்டும் பெயரில்லை. போத்தலின் பெயரை மறைத்த பை அகன்றபின்னும், உழைப்பை மறைத்த பை அகலுவதில்லை.

அப்பைக்குள் இருப்பது என்ன? விருந்தைத் தொடக்கிவைக்கும் நுரைபொங்கும் ஷம்பேனையே எடுத்துக்கொள்வோம். அதற்குரிய திராட்சையைக் கையினாலேயே பறித்தல் வேண்டும் என்பது அவ்வட்டாரத்து விதி. 2023ஆம் ஆண்டு அறுவடைக்குக் கொண்டுவரப்பட்ட 50க்கு மேற்பட்ட தொழிலாளர், பெரும்பாலும் மேற்காபிரிக்க நாட்டினர், மனிதர் வாழத் தகாத அழுக்கு விடுதியில் அடைக்கப்பட்டிருந்தனர். இதன் தொடர்பில் 2025 யூலையில் பிரெஞ்சு நீதிமன்றம் ஒன்று மூவரை மனித வியாபாரக் குற்றவாளிகள் எனத் தீர்த்தது. கொண்டாட்டத்தின் சின்னமென உலகெங்கும் உடைக்கப்படும் போத்தலின் அடிவண்டல் இது.

தென்னாபிரிக்காவின் கதை இன்னும் கொடியது. கேப் மாகாணத்து வைன் பண்ணைகளில் தொழிலாளரின் கூலியில் ஒரு பகுதியை மட்டமான வைனாக அளக்கும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக நிலவியது. டொப் முறை என்பது அதன் பெயர். 1960களில் சட்டம் அதனைத் தடைசெய்தது. ஆயினும் அதன் பின்னரும் பல பண்ணைகளில் அது நீடித்தது. கருவிலேயே மதுவின் நஞ்சேறிப் பாதிப்புற்றுப் பிறக்கும் குழந்தைகளின் விகிதம் உலகில் மிக உயர்ந்து காணப்படும் இடங்களுள் அவ்வட்டாரமும் ஒன்று. 2012 நவம்பரில் டி டோர்ன்ஸ் என்னும் ஊரின் திராட்சைத் தோட்டங்களில் மூண்ட வேலைநிறுத்தம் மாகாணத்தின் பல ஊர்களுக்கும் பரவியதன் பின்னரே, நாளொன்றுக்கு 69 றாண்ட் ஆக இருந்த குறைந்தபட்சக் கூலி 2013 மார்ச்சில் 105 றாண்ட் ஆயிற்று. ஒரே பானம், இரு வாய்கள். ஒருவர்க்கு அது படிக்கத்தில் உமிழத்தக்க நாகரிகம். மற்றவர்க்கு அது காசுக்குப் பதிலாக விழுங்க வைக்கப்பட்ட கூலி.

உழைப்போர்க்கு நுண்சுவை ஏது என்று கேட்போரும் உளர். அவர்கள் 1907ஆம் ஆண்டைப் புரட்டிப் பார்த்தல் நன்று. சர்க்கரையும் நீரும் கலந்த போலி வைன் சந்தையை நிரப்பியபோது, தென்பிரான்சின் திராட்சைக் குடியானவரும் கூலியாட்களும் திரண்டெழுந்தனர். யூன் 9ஆம் திகதி மொம்பெலியே நகரில் கூடியோர் ஐந்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர். கிளெமான்சோவின் அரசு படையை ஏவியது. நார்போனில் உயிர்கள் பலியாயின. அவ்வட்டாரத்துப் பிள்ளைகள் நிரம்பிய 17ஆம் காலாட்படை கலகம் செய்தது. அம்மாத முடிவிலேயே கலப்படத்தைத் தடுக்கும் சட்டம் பிறந்தது. இன்று விருந்தினர் தம் கிண்ணத்தில் தூய வைனைக் காண்பாராயின், அத்தூய்மைக்காக நின்றவர் யார் என்பதை அறிதல் வேண்டும்.

“நண்பர்க்காக நாலு போத்தல் வாங்கினேன். இதற்கு நான் என்ன செய்ய?” என்று விருந்தளிப்பவர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. இதற்கு விடை கலிபோணியாவின் டெலேனோ ஊரில் கிடைக்கிறது. 1965 செப்டெம்பர் 8ஆம் திகதி லறி இட்லியோங் தலைமையில் பிலிப்பினோத் திராட்சைத் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். சில நாட்களில் சேசர் சாவேஸ் தலைமையிலான மெக்சிக்கத் தொழிலாளரும் இணைந்தனர். ஷென்லி என்னும் கம்பனியின் மதுவகைகளை வாங்காதீர் என அவர்கள் நகரத்து மக்களை வேண்டினர். 1966இலேயே அக்கம்பனி பணிந்து தொழிற்சங்கத்தை ஏற்றது. பின்னர் உண்ணுந் திராட்சைக்கும் அப்பகிஷ்கரிப்பு விரிந்தது. 1970 யூலையில் பெருந்தோட்ட முதலாளிகள் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டனர். தோட்டத்தில் தொடங்கிய போர், முன்பின் அறியாத இலட்சக்கணக்கானோரின் உணவு மேசைகளில் வெல்லப்பட்டது. வீட்டு மேசைக்கு அரசியல் இல்லை என்போர்க்கு இதனினும் தெளிவான மறுமொழி வேண்டுமோ?

வைன் எங்கோ அந்நிய நாட்டார் விவகாரம் என இலங்கை வாசகர் எண்ணிவிடலாகாது. சுவைத்து உமிழும் கலை நம் தலைநகருக்குப் புதிதன்று. கொழும்பில் தேயிலைப் பொது ஏலம் 1883இல் தொடங்கியது. அன்றுதொட்டு வரிசையாகப் பரப்பிய கோப்பைகளிலிருந்து கரண்டியால் உறிஞ்சி, நாவில் உருட்டி, படிக்கத்தில் உமிழ்ந்து விலை மதிக்கும் நிபுணர்கள் இங்கும் உளர். ஊவாவின் காற்றையும் திம்புள்ளையின் குளிரையும் நுவரெலியாவின் உயரத்தையும் அவர்கள் நா அறியும். கொழுந்து கிள்ளிய பெண்ணின் சம்பளத்தை அந்நா அறியாது. நாளுக்கு 1000 ரூபா வேண்டுமெனப் பல்லாண்டு குரலெழுப்பிய மலையகத் தொழிலாளர்க்கு, அத்தொகை 2021 மார்ச்சிலேயே வர்த்தமானி மூலம் விதிக்கப்பட்டது. அதனையும் எதிர்த்துத் தோட்டக் கம்பனிகள் நீதிமன்றம் ஏறின. பானம் வேறு, பை ஒன்றே.

ஆகவே நாம் விருந்தைக் கலைக்கச் சொல்லவில்லை. அதனை முழுமையாக்கச் சொல்கிறோம். புள்ளியிடும் அட்டையில் நிறம், மணம், சுவை என்ற கட்டங்களோடு இன்னொரு கட்டத்தையும் வரையுங்கள். இதனைப் பறித்தவர் யார்? அவர் பெற்ற கூலி என்ன? அவர் எங்கே உறங்கினார்? சங்கம் அமைக்க அவருக்கு உரிமை உண்டா? விற்றவனிடம் கேளுங்கள், விடை தெரியாதென்பானாயின் அக்கட்டத்தில் சுழியம் இடுங்கள். நூறு விருந்துகளில் நூறு சுழியங்கள் விழுமாயின், விலைப்பட்டியல் எழுதுவோர் அதனைப் பொருட்படுத்தாதிருக்க முடியாது.

ஆசிரியரும் மாணவருமான நம் வாசகர்க்கு இதனில் தனிக்கடமை உண்டு. நுண்மையாக ரசிக்கக் கற்றல் கல்வியின் பாதியே. ரசிக்கப்படும் பொருளின்பின் நிற்கும் மனிதனைக் காணக் கற்றலே மறுபாதி. அம்மறுபாதியைக் கற்பிக்காத ரசனை, எத்துணை மெருகேறியதாயினும், வாயில் வைத்து உமிழப்பட்ட மிடறு போன்றதே, உடலிற் சேர்வதில்லை.