மரியாவின் வாயில் யாருடைய சொல்?

“நான்தான் மகதலா மரியா” என்று தொடங்கி, பாவ வாழ்வொன்றைத் தன்மையில் விவரித்துச் செல்லும் மறையுரைகளை நம்மில் பலர் கேட்டிருக்கிறோம், உருகியும் இருக்கிறோம். ஆனால் அந்தப் பாவ வரலாறு எந்த நற்செய்தியில் எழுதப்பட்டிருக்கிறது?

எதிலும் இல்லை. லூக்கா 7ஆம் அதிகாரத்தில் இயேசுவின் காலடிகளைக் கண்ணீரால் நனைத்த பெண்ணுக்குப் பெயரே இல்லை. 8ஆம் அதிகாரத்தில் பெயரோடு வரும் மகதலா மரியாவோ, ஏழு பேய்கள் நீங்கி நலம் பெற்றவர். இருவரையும் ஒருவராக்கி நிலைநிறுத்தியது, 591ஆம் ஆண்டில் திருத்தந்தை பெரிய கிரகோரி ஆற்றிய ஒரு மறையுரை. 1969ஆம் ஆண்டின் திருவழிபாட்டு நாள்காட்டிச் சீர்திருத்தம் அக்குழப்பத்தைக் களைந்தது. 2016இல் திருத்தந்தை பிரான்சிஸ், மரியாவின் நினைவு நாளைத் திருத்தூதர்களுக்கு உரியது போன்ற விழாவாக உயர்த்தினார். நம் மேடை மரியா மட்டும் இன்னும் செய்யாத பாவத்துக்கு அழுதுகொண்டிருக்கிறார்!

படர்க்கையில் சொன்னால் பிழை போதகருடையது. தன்மையில் சொன்னாலோ, அது புனிதரின் சொந்த வாக்குமூலமாகிவிடுகிறது. உயிர்த்த ஆண்டவரைக் கண்டதாக முதலில் அறிவித்த ஒரு பெண்ணின் வாயில் பொய்ச் சாட்சியம் வைப்பது சிறு குற்றமா?

அப்படியானால் இந்த முறையையே விலக்கிவிடலாமா? வேண்டியதில்லை. நற்செய்திகளில் ஒரு சொல்லும் பேசாத சூசையப்பரைத் தலைவராக்கி 3615 பாடல்களில் தேம்பாவணி பாடினார் வீரமாமுனிவர். கற்பனை நம் மரபுக்கு அந்நியமன்று. ஆனால் காப்பியத்தைக் காப்பியமென்று அறிந்தே படிக்கிறோம். பீடத்தருகே ஒலிப்பதையோ இறைவார்த்தையென்று நம்பிக் கேட்கிறோம்.

பட்டுத்தறிகளின் ஊரான ஆரணியில் இதை விளக்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. பாவு ஓடி, தறியில் ஏறிய பிறகே ஊடை பாயும். மறைநூல் பாவு, கற்பனை ஊடை. பாவில்லாத ஊடை எத்தனை பளபளத்தாலும் சேலையாகாது. பாத்திரமாகிப் பேசவிருப்பவர் முதலில் பகுதியைப் பலமுறை படிக்கட்டும். அவர் கண்டது எது, கேட்டது எது, அந்நேரத்தில் அறிய முடியாதது எது என்று பிரித்து எழுதட்டும். மறைநூல் மௌனம் காக்கும் இடத்தில் பாத்திரமும் மௌனம் காக்கட்டும்.

பொதுநிலையினராகிய நமக்கும் இதில் பங்குண்டு. கூடாரத் தொழில் செய்து பிழைத்த அக்கிலாவும் பிரிஸ்கில்லாவும், எபேசில் நாவன்மை மிக்க அப்பொல்லோ போதிப்பதைக் கேட்டனர். அவரைத் தனியே அழைத்துச் சென்று, ஆண்டவரின் நெறியை இன்னும் திருத்தமாக விளக்கினர். அவரை இழிவுபடுத்தவில்லை, வாளாவிருக்கவும் இல்லை. கைத்தொழில் செய்த தம்பதியர் அன்று செய்ததை, தறியோசை கேட்கும் இவ்வூரில் நாம் செய்யத் தயங்குவானேன்? மறையுரை முடிந்ததும், “மிக அருமை, சுவாமி” என்பதோடு, “அது எந்த அதிகாரத்தில் உள்ளது?” என்றும் பணிவோடு கேட்போம்.