விஞ்ஞான ஆசிரியரும் தொகுப்பாய்வும்

ஒரு கற்பிக்கும் முறையைப்பற்றி நூறு ஆராய்ச்சிகள் எழுந்து, சில அது நன்றென்றும் சில பயனின்றென்றும் கூறின், வகுப்பறையில் நிற்கும் ஆசிரியர் எதனைக் கைக்கொள்வார்? இவ்விடரைத் தீர்க்கவல்லது தொகுப்பாய்வு. சிதறிக் கிடக்கும் ஆய்வுகளைத் திரட்டி, அவற்றின் முடிவுகளைப் பொது அளவுகோல் ஒன்றால் அளந்து, பெரிய ஆய்வுக்கு மிகுந்த நிறையும் சிறியதற்குக் குறைந்த நிறையும் தந்து ஒருங்கே கணிப்பது இம்முறை. 1976-இல் ஜீன் கிளாஸ் என்னும் அமெரிக்க அறிஞர் இதற்கு மெட்டா அனாலிசிஸ் என்று பெயரிட்டார்.

இதன் பயனுக்கு ஒரு சான்று காட்டுவோம். 2014-இல் ஸ்காட் ஃப்ரீமனும் அவர்தம் தோழரும் கல்லூரி விஞ்ஞான, பொறியியல், கணித வகுப்புக்களைப்பற்றிய 225 ஆய்வுகளைத் தொகுத்து வெளியிட்டனர். விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புக்களில் சராசரியாக நூற்றுக்கு 33.8 மாணாக்கர் தவறினர். வினாவும் உரையாடலும் செயலும் கலந்து கற்ற வகுப்புக்களில் 21.8 பேரே தவறினர். இவ்வேற்றுமை வெறும் எண்ணன்று. நூற்றுக்குப் பன்னிரு மாணாக்கரின் எதிர்காலமாம்.

ஆதலின் பள்ளி விஞ்ஞான ஆசிரியர்க்குத் தொகுப்பாய்வு எழுதும் பயிற்சி வேண்டுமென்பதில் எமக்கு ஐயமில்லை. ஆயின் எதன்பொருட்டு என்பதே வினா. இந்தோனேசியாவில் 2009-இல் எழுந்த விதியொன்று, ஆசிரியர் பதவி உயர்வுக்குக் கட்டுரை வெளியீட்டையோ புதுமைப் படைப்பையோ நிபந்தனையாக்கிற்று. பதவியே நோக்கமாயின், சோதனைச்சாலையும் வேண்டாத தொகுப்பாய்வு எளிய குறுக்குவழியாகத் தோன்றும். கைக்கெட்டிய கட்டுரைகளைக் குவித்துக் கணினியில் இட்டால் ஒரு விடை வந்துவிடும். பதர் கலந்த நெல்லை எத்துணை நுட்பமாக நிறுத்தாலும் பதர் நெல்லாகுமோ?

இன்னும் ஓர் இடையூறு உண்டு. பயன் காணாத ஆய்வுகள் அச்சேறாது மேசை இழுப்பறையிலேயே தங்கிவிடுதலை 1979-இல் ராபர்ட் ரோசெந்தால் எடுத்துக்காட்டினார். அச்சானவற்றை மட்டும் தொகுப்போர் ஒரு பக்கத்துச் சாட்சியை மட்டும் கேட்டுத் தீர்ப்புரைப்பவர் ஆவர். தமிழ் பயில்வோர்க்கு இவ்வுண்மை புதிதன்று. 1887-இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், கிடைத்த ஏடொன்றோடு அமையாது, பல ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கியே பாடங்களைத் துணிந்தார்.

எனவே பயிற்சி, எழுதுவதிலன்றிப் படிப்பதில் தொடங்குக. எவ்வாய்வைச் சேர்ப்பது, எதனைத் தள்ளுவது என்னும் விதியைத் தேடுமுன்னரே எழுதி வைக்கப் பழக்குக. ஒரே குவியலை இருவர் தனித்தனியே ஆய்ந்து, பின் ஒப்பிட்டு, வேறுபடுமிடத்து வாதிடுக. தம் கருத்துக்கு மாறான முடிவையும் மறையாது சேர்க்கும் நேர்மை முதலிற் பிறக்கட்டும். கட்டுரை இறுதியில் வரட்டும்.

பாடச்சுமைக்கிடையே இதற்குப் பொழுதேது என்பார் உளர். அண்டைப் பள்ளிகளின் ஆசிரியர் சிலர் கூடி, ஆண்டுக்கு ஒரு வினாவை எடுத்துக்கொண்டால் சுமை பகிரப்படும். அவர்தம் கட்டுரை அச்சேறாது போயினும், மறுநாட் பாடத்தை அவர் தேர்ந்து நடத்துவரேல் பயிற்சி பலித்ததென்பதே எம் துணிபு.